சிரங்குக்கு எதைத் தடவுகிறோம்?

போன மார்கழியில் ஒரு ராத்திரி. சம்பா கதிர் முற்றி நிற்கிற நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் பேத்தி தூக்கத்திலேயே வறட் வறட்டென்று சொறிகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். மணிக்கட்டில் சொறிந்து சொறிந்து பொருக்குத் தட்டியிருந்தது. தொப்புளைச் சுற்றியும் அப்படியே.

"எத்தனை நாளாம்மா இப்படி?" என்று மருமகளைக் கேட்டேன்.

"மூணு வாரமா இருக்கு மாமா. பனிக்கு வந்த வறட்சின்னு நினைச்சு தேங்காண்ணெய் தடவிக்கிட்டிருக்கேன். எனக்கும் இடுப்புல அரிக்குது. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, சிரங்கு. எங்கள் தலைமுறைக்கு அது தெரியாமல் இருக்காது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வகுப்பில் பாதிப் பேர் கையில் அது இருந்தது. நடுவில் கொஞ்ச காலம் கண்ணில் படாமல் இருந்தது, இப்போது திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் எங்கள் இயற்கை உழவர் குழுவின் மாதக் கூட்டம். விதைநெல் பேச்சு முடிந்து தேநீர் குடிக்கிறபோது இந்தச் சங்கதியைச் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருவர், "வேப்பிலையும் பச்ச மஞ்சளும் அரைச்சுப் பூசுங்கண்ணே, போதும்" என்றார். எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர், "அந்தக் காலத்துல காமாக்சேன் பவுடரத் தேய்ச்சிட்டு வாய்க்கால்ல முழுகி எந்திரிப்போம், சரியாப் போயிரும்" என்று சிரித்தார். நான் டாக்டர் எழுதித் தந்த பெர்மெத்ரின் களிம்பை வாங்கப் போவதாகச் சொன்னேன். அப்போது ஒரு தம்பி, நல்ல உழவன், பத்து வருடமாக ஒரு சொட்டு மருந்து அடிக்காதவன், கேட்டான்:

"அது பூச்சிக்கொல்லியாச்சேண்ணே. வயலுக்கு ஆகாதுன்னுட்டு, பிள்ளை மேல தடவுவீங்களா?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் மனசை அரித்தது. அவன் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் சொன்ன காமாக்சேனில் இருந்தே தொடங்குகிறேன். பி.எச்.சி. என்று நாம் சொன்ன பென்சீன் ஹெக்சா குளோரைடுதான் அது. டெல்டாவில் அந்த வாசனை தெரியாத பழைய உழவன் கிடையாது. பால் பிடிக்கிற பருவத்தில் கதிர்நாவாய்ப்பூச்சி வந்துவிட்டால், விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே, மெல்லிய துணியில் பவுடரைக் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக உதறிக்கொண்டே போவோம். நானும் போட்டவன்தான். மூக்கில் துண்டுகூடக் கட்டியதில்லை. மிச்சம் இருந்த பவுடர் வீட்டுக்கு வரும். எறும்புக்குக் கொஞ்சம், மாட்டு உண்ணிக்குக் கொஞ்சம், பெண்பிள்ளைகள் தலையில் பேனுக்குக் கொஞ்சம். அப்படித்தான் இருந்தோம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. நாம் அறியாமையில் உடம்பில் பூசினோம் என்று வைத்துக்கொண்டாலும், அதே நஞ்சு மருந்துக்கடையில் சீசாவில் அடைத்து, டாக்டர் சீட்டில் எழுதியும் வந்தது. பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் சக்தியுள்ள பகுதிக்கு லிண்டேன் என்று பெயர். அதை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்த லோஷன்தான் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கச் சிரங்குக்கும் பேனுக்கும் கொடுக்கப்பட்டது. வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத் தடவு என்று பழைய நாளில் சொல்லி அனுப்புவார்கள். வெந்நீர் பட்ட தோல் இன்னும் அதிகமாக அந்த நஞ்சை உறிஞ்சும் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அது நரம்பைத் தாக்கும், குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும் என்று தெரிந்து, 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை ஒட்டியது.

நம் நாட்டில் பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரலில் தடை வந்தது. லிண்டேனைத் தயாரிக்க 2011இலும், பயன்படுத்த 2013இலும் தடை. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் உலக நாடுகள் கூடி லிண்டேனை ஒழிக்க வேண்டிய நஞ்சுகள் பட்டியலில் சேர்த்தன. சேர்த்தபோதே ஒரு விலக்கும் வைத்தார்கள்: பேனுக்கும் சிரங்குக்கும் மருந்தாக மட்டும் இன்னும் ஐந்து வருடம் வைத்துக்கொள்ளலாமாம். நெற்பயிர்மேல் படக் கூடாது, பிள்ளைத் தோலில் படலாம்! தம்பி கேட்ட கேள்வியின் சூடு இதைப் படிக்கும்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவன் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. "மருந்து" என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் நஞ்சு நஞ்சில்லாமல் போய்விடாது.

ஆனால் அந்தச் சந்தேகத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு. ஏழு வயதுப் பையனுக்குச் சிரங்கு. "கெமிக்கல் எதுவும் வேண்டாம்" என்று அப்பா உறுதியாக இருந்தார். வேப்பிலை மஞ்சள் பூசினார்கள். பையனுக்கு மட்டும் பூசினார்கள், அதுவும் கையில் மட்டும். தினமும் இல்லை, ஞாபகம் வந்தபோது. கூடப் படுக்கிற தங்கச்சிக்கும் அப்பாயிக்கும் அரிப்பு இருந்தது, அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாதம் ஓடியது. கொப்புளங்களில் சீழ் வைத்தது. ஒருநாள் காலையில் பையன் முகம் ஊதி எழுந்தான், மூத்திரம் தேயிலைத் தண்ணி நிறத்தில் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிரங்குப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி ஏறினால், சில வாரம் கழித்து அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். நம் ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்குச் சிறுநீரக வீக்கம் வருகிற வழிகளில் இது ஒன்று. பையன் பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாக இருக்கிறான். அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. வேப்பிலையையும் குறை சொல்ல மாட்டேன். எங்கே பிசகியது என்பதுதான் என் கேள்வி.

சிரங்கு என்பது ரத்தம் கெட்டு வருவதில்லை, சூட்டில் வருவதில்லை, கத்தரிக்காய் தின்று வருவதில்லை. அது ஒரு பூச்சி. இத்தாலியில் 1687இலேயே பொனோமோ என்பவர் நுண்ணோக்கியில் அதைப் பார்த்துப் படம் வரைந்து எழுதிவிட்டார். சரியாகச் சொன்னால் பூச்சிகூட இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி இனம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னை உழவர்களுக்கு ஈரியோபைட் சிலந்தியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குரும்பையின் தொப்பிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், மேலே எதை அடித்தாலும் உள்ளே போகாது. அதற்குத் தூரத்துச் சொந்தம்தான் இது. ஈரியோபைட் தொப்பிக்கு அடியில் ஒளிவது போல இது நம் மேல்தோலுக்குள் வளை தோண்டி உட்கார்ந்துகொள்கிறது. பெண் சிலந்தி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வீதம் ஒன்றிரண்டு மாதம் இட்டுக்கொண்டே போகும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும், இரண்டு வாரத்துக்குள் குஞ்சு முழு வளர்ச்சி அடைந்து அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும்.

நமக்கு அரிப்பது அது கடிப்பதால் இல்லை. அதன் எச்சமும் முட்டையும் நம் உடம்புக்கு ஒவ்வாமல் அரிக்கிறது. முதல் தடவை தொற்றுகிறவருக்கு அந்த ஒவ்வாமை உண்டாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இன்றைக்குச் சொறிகிற பிள்ளைக்கு அது ஒரு மாதத்துக்கு முன்பே வந்திருக்கிறது. பக்கத்தில் படுக்கிற, இன்னும் சொறியாத ஆளிடமும் அது இருக்கலாம். சொறிகிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது, புகையான் விழுந்த வட்டத்துக்கு மட்டும் மருந்தடித்துவிட்டுப் பக்கத்து வயலைத் திரும்பிப் பார்க்காத கதைதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் சிலர், அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். சிரங்கு வந்த சிப்பாய்கள் போர்த்திய போர்வையைத் துவைக்காமல் அப்படியே போர்த்திப் படுத்தார்கள், அவர்களின் உள்ளாடையைப் போட்டுக்கொண்டார்கள். மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. ஆனால் சிரங்கு உள்ளவரோடு ஒட்டிப் படுத்தால் தொற்றியது. ஓர் ஆள் உடம்பு முழுக்கத் தேடினாலும் சராசரியாகப் பத்துப் பதினொரு பெண் சிலந்திதான் இருந்தது என்பதையும் அவர்தான் எண்ணிச் சொன்னார். அந்தப் பத்தைக் கொல்லத்தான் இத்தனை பாடு.

அதனால் சிரங்கு வந்த வீட்டை "சுத்தபத்தம் இல்லாத வீடு" என்று பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். தினம் இரண்டு வேளை ஆற்றில் முழுகுகிறவனுக்கும் வரும். ஒரே அறையில் ஆறு பேர் ஒட்டிப் படுக்கிற வீட்டில் வேகமாகப் பரவும், அவ்வளவுதான். அது வீட்டில் இடம் இல்லாத குற்றம். ஹாஸ்டலில் வரும், புயல் வெள்ளத்தில் பள்ளிக்கூடங்களில் நெருக்கியடித்துப் படுக்கும்போது வரும். என் மருமகள் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம். கிராமத்தில் இன்னும் மோசம். தெருவின் பெயரைச் சொல்லி, "அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோட சேராதே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு வாயில் வருகிறவர்களுக்குச் சிலந்தி சாதி பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.

சரி, எதைத் தடவுவது?

முதலில் நம் வேப்பிலை மஞ்சள். இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டியதில்லை. 1992இல் வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் நம் நாட்டில் நடந்த ஆய்வு வெளிவந்தது. சித்த, ஆயுர்வேத முறையைப் பின்பற்றி 814 பேருக்கு வேம்பையும் மஞ்சளையும் விழுதாகப் பூசியதில், 97 சதவீதம் பேருக்கு 3 நாளிலிருந்து 15 நாளுக்குள் குணம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய செய்திதான். ஆனால் இது முன்னோட்ட ஆய்வு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்து நிலைநாட்டியிருந்தால் இன்று சுகாதார நிலையத்திலேயே அந்த விழுது கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வேம்புக்கும் மஞ்சளுக்கும் வெளிநாட்டார் காப்புரிமை வாங்கியபோது நாம் கொதித்தோம். புண் ஆற்ற மஞ்சள் என்று 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானது. வேப்பெண்ணெய் மேல் ஐரோப்பாவில் கொடுத்ததை 2000இல் ரத்து செய்தார்கள், மேல்முறையீடும் 2005இல் தோற்றது. இரண்டிலும் ஜெயித்தது வெறும் கோபத்தால் இல்லை. பழைய ஏடு, அச்சில் வந்த கட்டுரை, உழவர் அனுபவம் என்று சான்றுகளை மேசையில் அடுக்கினார்கள். நம் மருந்து நம்முடையது என்று நிரூபிக்க அவ்வளவு உழைத்தோம். அது எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு வேலை செய்கிறது என்று அளந்து பார்க்க அதில் கால்வாசியாவது உழைத்தோமா? நம்மாழ்வார் அய்யா பிறந்த இளங்காடு இதே தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இருக்கிறது. சொன்னதை அப்படியே நம்பாதே, உன் வயலில் செய்து பார் என்பதைத்தானே இந்த இயக்கம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதனால் வேப்பிலை மஞ்சள் பூசுகிறவர்களுக்கு நான் சொல்வது: பூசுங்கள், ஆனால் பூச வேண்டிய விதத்தில் பூசுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக இடுக்கு, அக்குள், தொப்புள், தொடையிடுக்கு எதையும் விடாமல், வீட்டில் எல்லாரும், தினமும், இரண்டு வாரம். ஒரு வாரத்தில் குறையும் முகம் காட்டவில்லை என்றாலோ, சீழ் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். கைக்குழந்தைக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

அடுத்தது கந்தகம். இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்பதால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன். சாம்பல் நோய்க்கும் சிலந்திக்கும் இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட பொருள்தான் கந்தகம், சித்த மருத்துவத்திலும் தோல் நோய்க்குப் பழைய சரக்கு. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை கந்தகம் சேர்த்து வாசலின் போன்ற களிம்பில் குழைத்தது, உலகத்தில் சிரங்குக்கு மிகப் பழைய மருந்துகளில் ஒன்று. மூன்று ராத்திரி தொடர்ந்து உடம்பு முழுக்கத் தடவ வேண்டும். நாற்றம் அடிக்கும், துணியில் கறை பிடிக்கும். அதற்காகவே ஜனங்கள் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர்கள் இன்றும் தேடிப் போவது இதைத்தான். விலையும் மலிவு. ஒன்று மட்டும் கவனம்: பயிருக்கு வாங்கிய நனையும் கந்தகப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் குழைக்காதீர்கள். தண்ணீரில் கரைய அதில் வேறு என்னென்னவோ சேர்த்திருப்பார்கள், தோலுக்கு அது ஆகாது. மருந்துக்கடையில் களிம்பாகவே கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு லோஷன் கொடுப்பார்களே, பென்சைல் பென்சோயேட், அதுவும் நல்ல மருந்துதான். புண்ணில் பட்டால் எரியும். பிள்ளைகள் தெருக்கோடி வரை ஓடும். அவர்களுக்குத் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பி கேட்ட பெர்மெத்ரினுக்கு வருகிறேன். ஆமாம், அது பூச்சிக்கொல்லிதான், மறைக்க ஒன்றுமில்லை. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கிற பைரெத்ரம் என்ற இயற்கைப் பூச்சிக்கொல்லியைப் பார்த்து, வெயிலில் கெடாதபடி 1973இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் செய்த நகல். நம் பக்கம் அடிக்கிற சைபர்மெத்ரின் அதன் தங்கச்சி முறை. பூவின் இயற்கை மருந்து வெயிலில் கரைந்துவிடும், நகல் நின்று கொல்லும். அதனால்தான் வயலில் அது வேண்டாம் என்கிறோம். ஏக்கர் கணக்கில் தெளித்தால் குருத்துப்பூச்சியோடு சிலந்தி, தட்டான், பொறிவண்டு எல்லாம் சாகும், வாய்க்காலில் மீன் சாகும், போகத்துக்குப் போகம் அது தொடரும்.

தோலில் தடவுகிற கணக்கு வேறு. 30 கிராம் டியூபில் ஐந்து சதவீதம் என்றால் ஒன்றரை கிராம். அது ஒரு பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு. அதில் தோல் வழியாக உள்ளே போவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, அதையும் உடம்பு உடைத்து வெளியேற்றிவிடும். லிண்டேன் மாதிரி கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்வதில்லை. அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "எல்லாமே கெமிக்கல்" என்று ஒரே மூட்டையில் கட்டினால், நாளைக்குப் பாம்பு கடித்தவனுக்கு ஊசி போடவும் யோசிப்போம். வயலுக்கு வேண்டாம் என்று நான் சொல்வது அங்கே வேறு வழி இருப்பதால், அதை நானே செய்து பார்த்ததால். சீழ் வைக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு மாதம் காத்திருக்க வழி இல்லை.

நான் பேத்திக்கு அதைத்தான் தடவினேன். ராத்திரி படுக்கப் போகும்போது கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் தடவி, காலையில் எட்டிலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குள் குளிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் தலையிலும் தடவச் சொல்வார்கள், கண்ணிலும் வாயிலும் படாமல். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். முட்டை தப்பியிருக்கும் என்பதால் ஒன்று இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. நாம் முட்டை பொரிகிற நாளைக் கணக்குப் பண்ணித்தானே மூலிகைப் பூச்சிவிரட்டியை மறுபடி அடிக்கிறோம், அதே கணக்கு. அன்று உடுத்திய துணி, படுக்கை எல்லாவற்றையும் துவைத்து நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் போதும், துவைக்க முடியாததை நாலு நாள் மூட்டை கட்டி வைத்தால் போதும். ஆள் உடம்பை விட்டு அதற்கு மேல் அது உயிரோடு இராது. இன்னொரு விஷயம், குளிப்பது வீட்டில் இருக்கட்டும். குளத்திலோ வாய்க்காலிலோ போய்க் கழுவ வேண்டாம், அது மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்து தடவிய உடம்போடு பூனையைக் கொஞ்சவும் கூடாது, பூனைக்கும் ஆகாது.

இரண்டு தடவை தடவியும் அரிப்பு நிற்கவில்லையே என்று பயந்து தினமும் தடவுகிறவர்கள் உண்டு. சிலந்தி செத்த பிறகும் அதன் எச்சம் தோலில் இருக்கும்வரை இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும். புதுக் கொப்புளம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். படர்தாமரைக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதையும் சிரங்கில் தடவிவிடாதீர்கள். அரிப்பு அடங்கும், உள்ளே சிலந்தி சந்தோஷமாகப் பெருகும். டெல்டாவில் நடவுக் காலத்தில் சேற்றுப்புண், படர்தாமரை, சிரங்கு மூன்றையும் ஒன்று என்று நினைத்து ஒரே டியூபை வீடு முழுக்கத் தடவுகிற வழக்கம் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு.

வயலுக்கு வாங்கிய டப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்தடிக்கிற வேலைக்குப் போகிற குடும்பம் ஒன்றில், டப்பாவில் ஒட்டியிருந்ததைத் தண்ணீரில் கலக்கிப் பிள்ளைகள் கையில் தடவியதை நானே போய்த் தடுத்தேன். "மாட்டுக்குப் போட்டோம், உண்ணியெல்லாம் விழுந்துச்சே" என்றார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. களிம்பு வாங்கக் காசில்லை, டப்பா கையில் இருக்கிறது. காமாக்சேன் காலத்தில் நான் செய்ததும் அதே வேலைதான்.

மாட்டுக்கும் அது தேவையில்லை என்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் இருந்தபடி டாக்டர் புண்ணியமூர்த்தி அவர்கள் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்து, உழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நம் கண் முன்னால் நடந்தது. இன்று தேசியப் பால்வள வாரியமே அந்த முறைகளை நாடு முழுக்கக் கொண்டுபோகிறது. உண்ணி போன்ற மேல் ஒட்டுண்ணிகளுக்கான கலவையைப் பலர் செய்து பார்த்திருப்பீர்கள்: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பு முழுக்கத் தெளிப்பது, கொட்டகை இடுக்குகளிலும் தெளிப்பது, வாரம் ஒரு தடவை. இதில் கொட்டகை இடுக்கும், வாரம் ஒரு தடவையும் சேர்ந்துதான் மருந்து. மாட்டுக்கு அவ்வளவு ஒழுங்காகச் செய்கிற நாம், பிள்ளைக்கு மட்டும் கையில் தடவிவிட்டு விடுகிறோம். (ஆட்டுச் சொறி மனிதனுக்குத் தொற்றினாலும் நம் தோலில் அது குடும்பம் நடத்தாது, சில நாளில் போய்விடும். ஆட்டை விற்றுவிடாதீர்கள்.)

பிஜித் தீவில், ஒரு காலத்தில் நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றிய அதே பிஜியில், சிரங்கு பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியில் சிரங்கு வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் களிம்பு: ஒரு வருடத்தில் நூற்றுக்கு 37 பேரிடம் இருந்தது 19 ஆனது. இன்னொரு பகுதியில் சிரங்கு இருக்கிறதோ இல்லையோ ஊர் மொத்தத்துக்கும் களிம்பு: 42 இருந்தது 16 ஆனது. மூன்றாவது பகுதியில் ஊர் மொத்தத்துக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை: 32 இருந்தது 2 ஆனது. ஊரே சேர்ந்து செய்தால்தான் ஒழியும். மாத்திரை களிம்பை ஜெயித்ததற்கு ஒரு காரணம், அதை விழுங்கிவிடலாம், முதுகில் தடவ ஆள் தேட வேண்டாம். ஐவர்மெக்டின் ஜப்பானிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியின் கொடை, அதற்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. மண்ணை நம்புகிற நமக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆனால் கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் அதைக் கொடுப்பதில்லை. மாட்டு ஊசியை மனிதன் தொடவே கூடாது.

இனி காசுக் கணக்கு. ஏழு பேர் உள்ள வீடு. பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஒரு டியூப். பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்தாலும் இரண்டு தடவைக்குப் பத்து டியூபுக்கு மேல் வேண்டும். சுகாதார நிலையத்துக்குப் போனால் சொறிகிற பிள்ளைக்கு ஒன்று கிடைக்கும். அந்த ஒன்றை ஏழு பேரும் விரல் நுனியில் தொட்டுப் பூசிக்கொள்கிறார்கள். பத்து நாளில் மறுபடி அரிப்பு. "மருந்து கேக்கல" என்று சொல்லிவிட்டு வயல் டப்பாவைத் தேடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிப்பு என்றால் என்ன என்பதை இந்த ஒற்றை டியூப் எனக்குக் காட்டியது.

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் பதினோரு வீடும் ஒன்றாகத் தடவிக்கொண்டோம். கிராம செவிலியர் அம்மா வந்து பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். கூலி வேலைக்குப் போகிற நாலு வீட்டுக்குக் குழுப் பணத்தில் களிம்பு வாங்கினோம். இரண்டு கர்ப்பிணிகளுக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் டாக்டரைக் கேட்டுக் கந்தகக் களிம்பு. வேப்பிலை மஞ்சள்தான் பூசுவோம் என்று மூன்று வீட்டார் நின்றார்கள், சரி என்று அவர்கள் பெயரைத் தனியாக நோட்டில் எழுதி, தினமும் பார்த்துக் குறித்துவரும் பொறுப்பைத் தம்பியிடமே கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை எல்லாரும் மறுபடி. மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்குச் சுத்தமாகப் போய்விட்டது, ஒரு வீட்டுக்கு மட்டும் மாசியில் களிம்பு தேவைப்பட்டது. தம்பி அதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறான்.

சிரங்கு கண்ட பிள்ளை வந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும், இரண்டு தடவைக்கு, இலவசமாக மருந்து தர வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆட்சியருக்கும் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். வரும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் முறைப்பாசன மனுவோடு சேர்த்து இதையும் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் தங்கள் தெருவில் எத்தனை வீட்டில் சொறிகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.